எறிந்துவிடாதீர்கள்!



மாதந்தோறும் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு ஏதேனும் ஒரு நல்ல விடயத்தைச் சொல்லி வருகிறேன். இம்முறை என்னுடைய ஒரு தவற்றைச் சொல்லித் தொடங்குகிறேன். பிறருக்குப் புத்தி சொல்பவன் தன் தவற்றையும் சொல்லத்தானே வேண்டும்?

எட்டு வருடங்களுக்கு முன்னர் நடந்தது. எனது இளைய மகளுக்கு அப்போது ஏழு வயது. எங்களுடையது கடலோர ஊர். அஸர் தொழுகைக்குப் பின்னர் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிச் செல்வேன். மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாடும். இவள் மட்டும் குனிந்த தலை நிமிராமல் எதையாவது பொறுக்கிக்கொண்டே வருவாள். சிப்பி, சோகி, மீன் முள், நண்டின் ஓடு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தாள். வீட்டு முற்றத்தில் செத்துக் கிடந்த வண்டுகளும் அந்த டின்னுக்குள் போய்ச் சேர்ந்தன.

பெருநாளைக்கு இரண்டு நாள் இருக்கும்போது வீடு துப்புரவு செய்தோம். டின்னைத் திறந்தேன். நாற்றம் குப்பென்று அடித்தது. நோன்பின் களைப்பு வேறு. அப்படியே கொண்டுபோய்க் கானில் கவிழ்த்து விட்டேன்.

“எண்ட சாமானெல்லாம் எங்க வாப்பா?” என்று மகள் வந்து கேட்டாள்.

“குப்பையெல்லாம் ஊட்டுக்குள்ள வெக்கப்படாது மகள்” என்றேன்.

அவள் அழவில்லை. ஒரு வார்த்தை பேசவுமில்லை. நானும் அதை அன்றோடு மறந்து விட்டேன். அதற்குப் பிறகு அவள் கடற்கரையில் குனிந்து எதையும் எடுக்கவில்லை என்பதைக் கூட நான் கவனிக்கவில்லை. மத்ரஸாவில் முப்பது பிள்ளைகளைக் கவனிக்கிற எனக்கு, என் வீட்டுப் பிள்ளையிடம் ஏதோ ஒன்று நின்று போனது தெரியாமல் போயிற்று.

அதை எனக்கு உணர்த்தியது ஒரு பறவையின் தலை. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் என் தங்கையின் அழைப்பில் லண்டன் சென்றிருந்தேன். தங்கையின் மகள் அங்கே உயிரியல் படிக்கிறாள். ஒருநாள், “மாமா, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று நூதனசாலைக்குப் போவோமா?” என்று கேட்டாள். எலும்புக்கூடும் பஞ்சடைத்த மிருகங்களும் பார்க்கவா அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று எனக்கு யோசனை. ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் மறுக்க மனம் வரவில்லை. பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம்.

அது 1860ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நூதனசாலை. வாசலில் நுழைவுக் கட்டணம் இல்லை. விரும்பியவர்கள் நன்கொடைப் பெட்டியில் போடலாம். உள்ளே கால் வைத்தவுடன் நான் அண்ணாந்து பார்த்தேன். கூரை முழுவதும் கண்ணாடி. அதை இரும்புத் தூண்கள் தாங்கி நிற்கின்றன. வெளியே இருக்கும் வெளிச்சம் அப்படியே உள்ளே இறங்கி எலும்புகளின் மீதும் பெட்டிகளின் மீதும் விழுகிறது.

நடு மண்டபத்தைச் சுற்றிலும் கல் தூண்கள் நிற்கின்றன. “மாமா, ஒவ்வொரு தூணாகப் பாருங்கள்” என்றாள் மருமகள். பார்த்தால் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை! ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல், ஒன்றில் பச்சை வரிகள். பிரித்தானியத் தீவுகளின் வெவ்வேறு இடங்களில் கிடைக்கும் கற்களைத் தேடி எடுத்துத் தூணுக்கு ஒரு கல்லாக நிறுத்தியிருக்கிறார்கள். எந்தக் கல், எந்த ஊர் என்று அடியில் பொறித்தும் இருக்கிறார்கள். தூணின் தலைப்பில் செடி கொடிகள் செதுக்கப்பட்டுள்ளன. அயர்லாந்திலிருந்து வந்த ஓஷே சகோதரர்கள், தாவரவியல் தோட்டத்திலிருந்து உயிருள்ள செடிகளைக் கொண்டுவரச் செய்து, அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார்களாம். இடையில் பணம் தீர்ந்து போனதால் செதுக்கப்படாமலே நின்றுவிட்ட கற்களும் உள்ளன. கட்டடமே ஒரு பாடப் புத்தகம்!

அங்கிருந்து மருமகள் என்னை ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினாள். உள்ளே ஒரு பருத்த பறவை. வளைந்த பெரிய அலகு, குட்டையான சிறகு. அதுதான் டோடோ.

சகோதரிகளே, டோடோவைப் பற்றிப் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் நீங்கள் பார்த்திருக்கலாம். அது நமது இந்து சமுத்திரத்துப் பறவை. மொரீஷியஸ் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் அது இருக்கவில்லை. ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரம். பறக்கத் தெரியாது. அதன் மரபணுவை ஆராய்ந்து, இன்று உயிரோடிருக்கும் பறவைகளில் நிக்கோபார்ப் புறாவே அதற்கு மிக நெருங்கிய உறவு என்று 2002இல் வெளியிட்டார்கள். ஆம், டோடோ ஒரு புறா இனம்தான். அத்தீவில் அதைக் கொன்று தின்னும் மிருகங்கள் இல்லாதிருந்தபடியால் அதற்குப் பயம் என்பதே தெரியாது. நிலத்தில் கூடு கட்டி வாழ்ந்தது.

1598இல் ஒல்லாந்தர் மொரீஷியஸில் இறங்கினார்கள். பின்னர் நமது காலியையும் கொழும்பையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த அதே ஒல்லாந்தர்தான். நாம் மேசை லாச்சி, அலுமாரி லாச்சி என்கிறோமே, அந்த ‘லாச்சி’ என்ற சொல் கூட அவர்கள் விட்டுச் சென்றதே. அவர்கள் டோடோவை வேட்டையாடினார்கள். ஆனால் அதைவிடப் பெரிய கேடு, கப்பல்களில் வந்திறங்கிய எலிகளாலும் பன்றிகளாலும் குரங்குகளாலும் வந்தது. அவை நிலத்தில் கிடந்த முட்டைகளைத் தின்றன. காடும் அழிக்கப்பட்டது. டோடோவை உயிரோடு கண்டதாகப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்படும் கடைசிச் செய்தி 1662ஆம் ஆண்டுக்குரியது. கணக்குப் பாருங்கள். 64 வருடங்கள்! எத்தனையோ ஆயிரம் வருடங்களாக அத்தீவில் வாழ்ந்த ஒரு படைப்பு, ஒரு மனிதனின் ஆயுட்காலத்துக்குள் இல்லாமல் போய்விட்டது.

இனித்தான் என் நெஞ்சைச் சுட்ட செய்தி வருகிறது. ஒரு டோடோவின் உடல் 17ஆம் நூற்றாண்டிலேயே லண்டனில் ஒருவருடைய சேகரிப்பில் இருந்தது. அச்சேகரிப்பு 1683இல் ஒக்ஸ்போர்டுக்கு வந்தது. காலப்போக்கில் அவ்வுடல் உக்கிப் போனது. 18ஆம் நூற்றாண்டில், பழுதடைந்தவற்றை அகற்றியபோது தலையையும் ஒரு காலையும் மட்டும் யாரோ எடுத்து வைத்தார்கள். மற்றதெல்லாம் போயிற்று. இன்று முழு உலகிலும் டோடோவின் தோலும் சதையும் எஞ்சியிருப்பது அந்தத் தலையிலும் காலிலும்தான். மற்ற நூதனசாலைகளில் இருப்பவை எலும்புகள் மாத்திரமே. அந்தத் தலை இன்று விலை மதிக்க முடியாத பொருள். ஆதலால் மூலத்தைப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டு, வார்த்தெடுத்த பிரதியையே மக்கள் பார்க்க வைத்திருக்கிறார்கள்.

2018இல் அந்தத் தலையை விசேட கருவியால் ஊடுருவிப் படமெடுத்துப் பார்த்தார்கள். மண்டையின் பின்புறத்தில் சிறு சிறு ஈயக் குண்டுகள்! லண்டனுக்கு உயிரோடு கொண்டுவரப்பட்டு இயற்கையாகச் செத்த பறவை என்று அதுவரை பலரும் எண்ணியிருந்தனர். அது சுடப்பட்டிருந்தது என்பது ஏறக்குறைய 350 வருடங்களுக்குப் பின்னர் தெரிய வந்தது. உக்கிப் போனது, நாறுகிறது, குப்பை என்று அந்தத் தலையையும் அன்று எறிந்திருந்தால்? அது சுடப்பட்டது என்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றபோதுதான் சகோதரிகளே, கானில் நான் கவிழ்த்த பிஸ்கட் டின் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

மருமகளிடம் ஒன்றும் சொல்லாமல் நடந்தேன். அடுத்து ஒரு தாடையெலும்பைக் காட்டினாள். கத்தி போன்ற பற்கள் அதில் நிற்கின்றன. ஒக்ஸ்போர்டுக்குப் பக்கத்திலுள்ள ஸ்டோன்ஸ்ஃபீல்ட் என்ற கிராமத்துக் கற்குழிகளில் கிடைத்த எலும்பு அது. வில்லியம் பக்லாண்ட் என்ற பேராசிரியர் 1824இல் அதற்கு மெகலோசோரஸ் என்று பெயரிட்டு எழுதினார். உலகில் முதன்முதலாக விஞ்ஞான முறைப்படி பெயரிட்டு விவரிக்கப்பட்ட டைனோசர் அதுதான். டைனோசர் என்ற சொல்லே அப்போது கிடையாது. அது 1842இல் உண்டாக்கப்பட்டது.

அந்தக் கட்டுரைக்கு அந்தத் தாடையை நுணுக்கமாகப் பார்த்து வரைந்து கொடுத்தவர் ஒரு பெண். மேரி மோர்லண்ட் என்று பெயர். அடுத்த ஆண்டின் இறுதியில் அவர் பக்லாண்டையே மணம் முடித்தார். கட்டுரை கணவரின் பெயரால் பேசப்படுகிறது. ஆனால் அந்தப் பற்களை உலகத்தின் கண்ணுக்குக் கொண்டுபோனது அந்தப் பெண்ணின் பென்சில்.

இன்னொரு மேரியின் கதையும் உண்டு. மேரி அன்னிங் இங்கிலாந்தின் தென் கரையில், லைம் ரீஜிஸ் என்ற ஊரில், ஏழைத் தச்சர் ஒருவருக்குப் பிறந்தவர். 1810இல் தந்தை கடன் வைத்துவிட்டு இறந்து போனார். பிள்ளைகள் கடற்கரைப் பாறைகளில் கிடைக்கும் விசித்திரமான கற்சிப்பிகளைப் பொறுக்கி, வந்து போவோருக்கு விற்று வயிறு வளர்த்தார்கள். மேரிக்குப் பன்னிரண்டு வயதளவில், அவரும் அண்ணனும் சேர்ந்து இக்தியோசர் என்னும் பழங்காலக் கடற்பிராணியின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள். பிற்காலத்தில் பெரிய பேராசிரியர்களெல்லாம் அவரைத் தேடி அந்தக் கரைக்கு வந்தார்கள். பக்லாண்டும் வந்தார். ஆனால் லண்டன் புவியியல் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919இல்தான். மேரியோ 1847இலேயே இறந்து விட்டார்.

கரையில் குனிந்து பொறுக்கிய ஒரு சின்னப் பெண்! இதைக் கேட்ட எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

ஒரு விடயத்தை நான் மறைக்கக் கூடாது. “மௌலவி, அங்கே பரிணாமம் அல்லவா சொல்லிக் கொடுக்கிறார்கள்? நம் பிள்ளைகளை அப்படியான இடங்களுக்குக் கூட்டிச் செல்லலாமா?” என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கட்டடத்தைக் கட்டிய செலவில் ஒரு பகுதி, பல்கலைக்கழக அச்சகம் பைபிள் அச்சிட்டு விற்ற இலாபத்திலிருந்து வந்தது. படைத்தவனின் வேலையை மக்கள் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு கட்டியவர்கள் அவர்கள். டார்வினின் நூல் 1859 நவம்பரில் வெளிவந்தது. 1860 ஜூன் 30ஆம் திகதி, அதே கட்டடத்தில் ஒக்ஸ்போர்ட் பிஷப் வில்பர்போஸும் விஞ்ஞானி ஹக்ஸ்லியும் அதைப் பற்றி வாதாடினார்கள். அன்று யார் என்ன சொன்னார் என்று சொல்லுக்குச் சொல் எழுதி வைத்த பதிவு இல்லை. ஆளுக்கொரு விதமாகக் கதை சொல்லப்படுகிறது. இன்று அங்குள்ள விளக்க அட்டைகள் பரிணாமக் கொள்கையின்படியே எழுதப்பட்டுள்ளன.

நான் சொல்வது இதுதான். எலும்பைப் பொய்யென்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். நாளைக்கு அது தன் கண்ணால் எலும்பைப் பார்க்கும். அப்போது பிள்ளை எலும்பைச் சந்தேகிக்காது, உங்களைத்தான் சந்தேகிக்கும். விஞ்ஞானிகள் என்ன சொல்கிறார்கள் என்பதை அவர்கள் சொல்கிறபடியே படிக்க விடுங்கள். ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களைப் பற்றிய நமது நம்பிக்கையை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாத கேள்வி வந்தால் “தெரியாது மகன், தேடிப் பார்ப்போம்” என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். கேள்வியை அதட்டி அடக்கினால் ஈமான் பலப்படும் என்று எண்ணுவது தவறு. படைப்பினங்களைப் பார்த்துச் சிந்திக்கும்படி திருக்குர்ஆன் எத்தனை இடங்களில் நம்மை அழைக்கிறது! பஸராவில் பிறந்த அல் ஜாஹிழ், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலேயே பிராணிகளைப் பற்றிப் பல பாகங்களில் கிதாபுல் ஹயவான் என்ற பெரும் நூலை எழுதினார். அத்தமீரி என்ற எகிப்திய ஆலிம் பிராணிகளை அகர வரிசையில் தொகுத்து ஹயாத்துல் ஹயவான் எழுதினார். பூச்சியையும் பறவையையும் உற்றுப் பார்ப்பது நமது முன்னோருக்கு அந்நியமான வேலையாக இருக்கவில்லை.

மேல் மாடத்துக்கு ஏறினோம். மருமகள் கட்டடத்தின் ஒரு பக்கத்தைச் சுட்டிக் காட்டி, “மாமா, மூத்தம்மாவின் இன்சுலினுக்கும் இந்த இடத்துக்கும் தொடர்பு இருக்கிறது” என்றாள்.

என் உம்மாவுக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். நாளுக்கு இரண்டு தடவை ஊசி. உங்களில் எத்தனை பேருடைய வீட்டு ஃபிரிட்ஜில் அந்தச் சின்னக் குப்பி இருக்கிறது? ஆகவே காதைத் தீட்டிக் கொண்டேன்.

டொரதி ஹொட்ஜ்கின் என்ற பெண் விஞ்ஞானி 1910இல் கெய்ரோவில் பிறந்தவர். அவருடைய தந்தை எகிப்தில் கல்விப் பணியில் இருந்தார். டொரதி 1934இல் ஒக்ஸ்போர்டில் ஆய்வைத் தொடங்கியபோது, அவருக்குக் கிடைத்த ஆய்வுகூடம் இந்த நூதனசாலைக் கட்டடத்தின் ஒரு மூலையில் இருந்தது. அதே ஆண்டு, அவருக்கு 24 வயதாக இருக்கும்போதே, கை கால் மூட்டுகளில் வாதம் கண்டது. விரல்கள் வீங்கிக் கோணிப் போயின. அந்த விரல்களால்தான் சீனித் துகளைவிடச் சிறிய பளிங்குகளைப் பொருத்தி, எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் படம் பிடித்தார். படத்தில் தெரிவது வெறும் புள்ளிகள். கிடுகுத் தட்டியின் ஊடாக வெயில் வரும்போது தரையில் வெளிச்சப் புள்ளிகள் விழுமல்லவா? அந்தப் புள்ளிகளை மட்டும் பார்த்து, தட்டி எப்படிப் பின்னப்பட்டது என்று கணக்குப் போட்டுச் சொல்வதைப் போன்ற வேலை அது.

அப்படிக் கணக்குப் போட்டு 1945இல் பெனிசிலினின் அமைப்பைக் கண்டறிந்தார். பின்னர் பி 12 விற்றமினின் அமைப்பையும் கண்டார். 1964இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்சுலின் பளிங்கை அவர் முதன்முதல் படம் பிடித்தது 1935இல். எழுநூறுக்கும் அதிகமான அணுக்கள் அதில் எப்படி அமைந்திருக்கின்றன என்று முழுமையாகக் கண்டது 1969இல். இடையில் 34 வருடங்கள்! மூன்று பிள்ளைகளையும் பெற்று வளர்த்தார். இன்சுலினை மருந்தாக்கியவர்கள் வேறு ஆட்கள். அது 1922இலேயே கனடாவில் ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டது. ஆனால் அதன் அமைப்புத் தெரிந்ததனால்தான், விரைவாக வேலை செய்யும் இன்சுலின், நாள் முழுக்க நிற்கும் இன்சுலின் என்று பிற்காலத்தில் வகை வகையாக வடிவமைக்க முடிந்தது.

எங்கள் வீட்டில் உம்மாவுக்கு அந்த ஊசியைப் போட்டு விடுபவள் யார் தெரியுமா? அதே இளைய மகள்தான்.

வெளியே வந்தபோது கோபுரத்தைச் சுற்றிக் கறுத்த குருவிகள் கீச்சிட்டுப் பறந்தன. உழவாரக் குருவி இனம். ஆபிரிக்காவிலிருந்து மே மாதத்தில் வந்து, அந்தக் கோபுரத்தின் காற்றுத் துவாரங்களில் முட்டையிட்டு, ஓகஸ்டில் திரும்பி விடும். கூட்டுக்கு வரும் நேரம் தவிர மற்றெல்லா நேரமும் ஆகாயத்தில்தான். உண்பதும் உறங்குவதும் பறந்தபடியே. 1948இல் டேவிட் லாக் என்பவரும் அவருடைய மனைவியும் அவற்றைக் கவனித்து எழுதத் தொடங்கினார்கள். ஆள் மாறி ஆள், இன்றுவரை ஒவ்வொரு வருடமும் குஞ்சுகளைக் கணக்கெடுக்கிறார்கள். ஒரு குருவிக்காக இத்தனை பொறுமையா என்று நினைத்துக் கொண்டேன்.

ஊருக்குத் திரும்பிய மூன்றாம் நாள், மஃரிபுக்குப் பின்னர் மகளைக் கூப்பிட்டேன். அவளுக்கு இப்போது பதினைந்து வயது. டோடோவைப் பற்றிச் சொன்னேன். பிறகு, “அண்டைக்கு உங்கட டின்ன எறிஞ்சது வாப்பாட பிழை. மன்னிச்சுக் கொள்ளுங்க மகள்” என்றேன். பெற்ற பிள்ளையிடம் அப்படிச் சொல்ல நாக்குக் கூசத்தான் செய்தது. மனைவி குசினி வாசலில் நின்று கேட்டுக் கொண்டிருந்தாள்.

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அதுக்குள்ள ஒரு பொன்வண்டு இரிந்திச்சு வாப்பா. பச்சை நெறம். அதப் போல ஒண்ட நான் பொறகு காணவே இல்ல” என்றாள்.

எட்டு வருடங்கள் கடந்தும் அந்த ஒரு வண்டை அவள் மறக்கவில்லை! எனக்கு அவளிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மறுநாள் என் மேசையின் கீழ் லாச்சியை வெறுமையாக்கி அவளுக்குக் கொடுத்தேன். “நான் இப்ப சின்னப் பிள்ளையா வாப்பா?” என்று சிரித்தாள். ஒரு மாதம் அது வெறுமையாகவே கிடந்தது. சென்ற வாரம் ஏதோ தேடப் போய் அதை இழுத்துப் பார்த்தேன். பஞ்சின் மீது ஒரு சிப்பி. பக்கத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் திகதியும் கரையின் பெயரும் எழுதியிருந்தன. சத்தமில்லாமல் மூடி விட்டேன்.

ஒக்ஸ்போர்ட் போய்த்தான் இதையெல்லாம் கற்க வேண்டுமென்பதில்லை. கொழும்பில் நமக்கும் நூதனசாலை இருக்கிறது. 1877 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்ட அந்த வெள்ளை மாளிகையைக் கட்டியவர் வாப்புச்சி மரைக்கார் என்ற நமது சமூகத்தவர் என்பது உங்களுக்குத் தெரியுமா? உமக்கு என்ன கைம்மாறு வேண்டும் என்று ஆளுநர் கிரெகரி கேட்டபோது, ஜும்ஆ தினத்தில் நூதனசாலையை மூட வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டாராம். நெடுங்காலம் அது வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டே இருந்தது. அதன் வளவிலேயே 1986இல் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்று நூதனசாலையும் உண்டு. கொழும்புக்கு டொக்டரிடம் போகிறோம், கலியாணச் சாமான் வாங்கப் போகிறோம். திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, ஒருமுறை பிள்ளைகளை அங்கேயும் கூட்டிச் செல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்ட ஓடாதீர்கள். பிள்ளை எந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள். கையில் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, பிடித்த ஒன்றை வரையச் சொல்லுங்கள்.

வீட்டிலே ஒரு லாச்சியோ பெட்டியோ பிள்ளைக்கென்று ஒதுக்குங்கள். செத்துக் கிடந்ததையும் உதிர்ந்ததையும் மட்டுமே எடுக்கப் பழக்குங்கள். உயிருள்ளதைப் பிடித்து அடைப்பதும் கூட்டிலுள்ள முட்டையை எடுப்பதும் கூடாது. முருகைக் கல்லை உடைத்து எடுப்பது நம் நாட்டில் சட்டப்படியும் குற்றம். கூம்பு வடிவான சில சிப்பிகளுக்குள் உயிருள்ள பிராணி இருந்தால் கொட்டும். அதன் நஞ்சு உயிரையே வாங்கக் கூடும். ஆகவே உள்ளே ஏதும் இருக்கும் சிப்பியைத் தொட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். கொண்டு வந்ததை உப்பு நீர் போகக் கழுவி வெயிலில் காயவைத்தால் நாற்றம் வராது. இந்தச் சின்ன விடயத்தை அன்று நான் அறிந்திருந்தால்!

கடைசியாக ஒன்று. உங்கள் பிள்ளை கையை மூடிக்கொண்டு “உம்மா, இதப் பாருங்க” என்று வரும்போது, அடுப்பில் என்ன இருந்தாலும் ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள். கைக்குள் இருப்பது ஒரு செத்த வண்டாக இருக்கலாம். அருவருப்பாகவும் இருக்கலாம். ஆனால் பிள்ளை அதை உலகத்தில் வேறு யாரிடமும் கொண்டு போகாமல் உங்களிடம் கொண்டு வந்திருக்கிறது. நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.